குடலிறக்கம்: ஒரு டாக்டர் ‘காத்திருக்கலாம்’ என்கிறார், இன்னொருவர் ‘வியாழக்கிழமை வாங்க’ என்கிறார்

மஞ்சக்காட்டான் (கோபி பக்கம்)

அப்பாவுக்கு 61 வயது. வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒரு வருடமாகவே இருந்திருக்கிறது, எங்களிடம் மூச்சு விடவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மா பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இருமச் சொல்லிப் பார்த்தார், ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றார், குடல் எப்ப வேணும்னாலும் மாட்டிக்கும், வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க, லேப்பரோவில் (சின்னத் துளை போட்டு) முடித்துவிடலாம் என்று எஸ்டிமேட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். சரி, எதற்கும் இன்னொருவரிடம் கேட்போம் என்று கோயம்புத்தூர் போனோம். அங்கே பார்த்தவர் கொஞ்சம் வயதானவர், நிதானமாகப் பேசினார். “வலி இருக்குதுங்களா?” என்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார் அப்பா. “அப்படின்னா அவசரமில்ல. ஆய்வே பண்ணிப் பாத்திருக்காங்க, காத்திருந்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆயிடல. தொந்தரவு வந்தா வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவுக்குப் பயம். எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) குடல் வாதம் என்று சொல்லியே போய்ச் சேர்ந்தவர், மாட்டு வண்டியில் சத்தியமங்கலம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அப்பாவுக்கோ மஞ்சள் வெட்டி முடிக்கும்வரை படுக்க நேரமில்லை. நான் நடுவில் நிற்கிறேன். ஆய்வு ஆய்வு என்கிறார்களே, எங்கோ யாரையோ வைத்துப் பார்த்த கணக்கை நம்பி என் அப்பாவை அப்படியே விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காசும் ஒரு பிரச்சினைதான், ஆனால் அது மட்டும் இல்லை.

தியேட்டர் சிஸ்டர் (ஈரோடு)

தம்பி, நான் பதினேழு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவள். காத்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற ஹெர்னியாவைப் பார்த்திருக்க மாட்டார்கள். வீக்கம் கல் மாதிரி இறுகிவிடும், தள்ளினால் உள்ளே போகாது, வாந்தி, வயிறு உப்பிக்கொள்ளும். திறந்தால் குடல் கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் கிடக்கும். வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியை அதன் மேல் போர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மானிட்டர் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காது. நிறம் திரும்பி, குடல் ஒரு நெளி நெளிந்தால் தப்பித்தது. இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான். அரை மணி நேர ஆபரேஷன் மூன்று மணி நேரம் ஆகும், பிறகு ஐ.சி.யூ.

வியாழக்கிழமை முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை போங்கள். அவ்வளவுதான்.

நொய்யல் கரை (திருப்பூர்)

இரண்டு டாக்டர்களும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றால் ஒருவருக்கு மாதக் கடைசி, இன்னொருவருக்கு இல்லை, அவ்வளவுதானே? ஆய்வு என்பதெல்லாம் கம்பெனிக்காரன் காசு கொடுத்து எழுத வைப்பது. அதுவும் அமெரிக்காக்காரனை வைத்துச் செய்திருப்பார்கள். அவன் காரில் உட்கார்ந்து ஆபீஸ் போகிறவன், நம்ம ஆள் மஞ்சள் மூட்டை தூக்குகிறவன். இரண்டு வயிறும் ஒன்றா?

கத்தி பிடிப்பவன் (கோவை)

பொது அறுவை சிகிச்சை மருத்துவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால் செய்யுங்கள், செய்ய வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கோவை டாக்டர் எந்த ஆய்வைச் சொன்னார் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான்.

2006-இல் வெளிவந்தது. வட அமெரிக்காவில் ஐந்து இடங்களில் 720 ஆண்கள், எல்லோருக்கும் தொடையிடுக்கில் குடலிறக்கம், ஆனால் தொந்தரவு இல்லை அல்லது மிகக் குறைவு. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதியைச் சும்மா கவனித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, வேலையைத் தடுக்கிற அளவு வலி இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சிஸ்டர் சொன்ன மாதிரி திடீரென்று குடல் மாட்டிக்கொள்வது எவ்வளவு என்றால், ஆயிரம் பேர் ஒரு வருடம் காத்திருந்தால் இரண்டு பேருக்கும் குறைவு, 1.8 என்று கணக்கு.

கோவை டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். காத்திருந்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் 23 சதவீதம் பேர் தாங்களாகவே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் எழுதியபோது, பத்து வருடத்தில் ஆபரேஷன் பக்கம் வந்தவர்கள் 68 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 65 வயது தாண்டியவர்களில் இன்னும் கூடுதல். அதாவது ‘தேவையில்லை’ என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ‘இன்றைக்கே ஓட வேண்டியதில்லை’ என்றுதான் சொன்னது. இது ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தொடையிடுக்கில் வீக்கம் என்றால் கணக்கே வேறு, அங்கே குடல் மாட்டுவது அதிகம், தள்ளிப்போடச் சொல்ல மாட்டோம்.

சிஸ்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பார்த்தது அத்தனையும் உண்மை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தியேட்டருக்கு வருகிற ஹெர்னியாவைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். வீக்கத்தோடு இருபது வருடம் தோட்ட வேலை செய்துவிட்டு வேறு எதிலோ இறந்துபோனவர் உங்கள் மேசைக்கு வரவே மாட்டார்.

தியேட்டர் சிஸ்டர் (ஈரோடு)

கோபமெல்லாம் இல்லை டாக்டர். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 720 பேரும் வயிறு வலித்தால் எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள்? தாளவாடியிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வலி வந்ததும் நேராக வருவாரா என்றால் அதுவும் இல்லை. முதலில் சோடா, அப்புறம் மருந்துக்கடையில் ஒரு ஊசி, அப்புறம் விடியட்டும் பார்க்கலாம். எங்களிடம் வந்து சேரும்போது பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆயிரத்தில் இரண்டு என்பது அங்கே இரண்டு பேர் பிழைத்ததற்கான கணக்கு. இங்கே அந்த இரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று யார் எண்ணினார்கள்?

கத்தி பிடிப்பவன் (கோவை)

இது நியாயமான கேள்வி. மலையிலிருந்து வருகிறவர் என்றால், அதே வீக்கம், அதே வயது, நானே கொஞ்சம் முன்கூட்டிச் செய்துகொள்ளச் சொல்வேன். மாட்டிக்கொள்கிற வாய்ப்பு ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது, மாட்டிக்கொண்டபின் என்ன ஆகும் என்பது மாறும். கோபியிலிருந்து என்றால் ஒரு மணி நேரத்தில் ஈரோடு வந்துவிடலாம், வலி வந்த உடனே கிளம்பினால்.

நொய்யல் கரை அண்ணாவுக்கு ஒரு வரி: காத்திருக்கலாம் என்று சொன்ன ஆய்வால் எந்தக் கம்பெனிக்கு லாபம்?

நொய்யல் கரை (திருப்பூர்)

சரி, ஒரு பாயிண்ட் உங்களுக்கு. ஆனால் ஹெர்னியா ஓட்டை மேல் வைத்துத் தைக்கிற மெஷ் விஷயத்தில்? என் மச்சானுக்கு வைத்தபோது பில்லில் பார்த்தேன், ஒரு கைக்குட்டை அளவு வலைக்கு அந்த விலை. நாங்கள் பனியன் துணி நெய்கிறவர்கள், நூல் விலை எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி எந்த ஆய்வும் வாய் திறக்காதே.

கணக்கு வாத்தியார் (நாமக்கல், ஓய்வு)

திறந்திருக்கிறது தம்பி, அதுவும் நம் நாட்டிலேயே ஆரம்பித்தது. மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டோங்காவ்கர் என்கிற சர்ஜன், கொசுவலைத் துணியைக் கழுவி, வெட்டி, கிருமி நீக்கி குடலிறக்கத்துக்கு வைத்துத் தைத்தார். பல இடங்களில் செய்து பார்த்து 2003-இல் இந்திய அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். சிரித்தவர்கள் நிறைய. பிறகு உகாண்டாவில் 302 ஆண்களை வைத்து, பாதிப் பேருக்குக் கொசுவலை, பாதிப் பேருக்குக் கம்பெனி மெஷ் என்று முறையாகப் பிரித்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்ப வீக்கம் வந்தது கொசுவலைப் பக்கம் ஒருவருக்கு, கம்பெனி வலைப் பக்கம் யாருக்கும் இல்லை. மற்ற சிக்கல்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட நூற்றுக்கு முப்பது, அதில் வித்தியாசமே இல்லை.

ஆக, விலை குறைந்ததும் ஜெயிக்கும், யாராவது சோதித்துப் பார்த்தால். (உங்கள் வீட்டுக் கட்டிலில் தொங்குகிற வலையைக் கழற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடாதீர்கள், எல்லா நூலும் கிருமி நீக்கும் சூட்டைத் தாங்காது.)

தறிச் சத்தம் (பல்லடம்)

குடலிறக்கம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆய்வு எல்லாம் வெள்ளைக்காரனுடையது என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

நான்கு வருடம் முன்பு என் சித்தப்பா பையன் பைக்கில் போகும்போது லாரி உரசி முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. நான்தான் கூட இருந்தேன். காலைப் பார்த்ததும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள் என்றே நினைத்தோம், எங்கள் மாமா வெளியே உட்கார்ந்து செயற்கைக் கால் எங்கே கிடைக்கும் என்று போனில் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருந்த சின்ன டாக்டர் ஒரு தாளில் எண் போட்டுக்கொண்டிருந்தார். தோலுக்கு இத்தனை, எலும்புக்கு இத்தனை, தசை நரம்புக்கு இத்தனை. கூட்டிப் பார்த்துவிட்டு “பதினொண்ணு, காப்பாத்தலாங்க” என்றார். என்னடா இது, காலை மார்க் போட்டு முடிவு செய்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். அப்புறம் அவரே சொன்னார், இந்த மார்க் முறையே கோயம்புத்தூரில் கங்கா ஆஸ்பத்திரியில் உருவாக்கியது, இப்போது வெளிநாட்டிலும் பயன்படுத்துகிறார்கள் என்று. பையன் இப்போது நடக்கிறான். சாய்ந்து சாய்ந்துதான், ஆனால் சொந்தக் காலில். போன மாதம் தறிக்குப் பாவு ஏற்றினான்.

கத்தி பிடிப்பவன் (கோவை)

அது கங்கா ஸ்கோர். டாக்டர் ராஜசேகரன் குழு 2006-இல் வெளியிட்டது. எலும்பு வெளியே வந்த 109 கால்களை வைத்துப் பார்த்தார்கள். தோல், எலும்பு, தசை நரம்பு மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை, அப்புறம் சர்க்கரை, ரத்த அழுத்தம் விழுந்துபோன ஷாக் நிலை, அழுக்குக் காயம் மாதிரி கூடுதல் ஆபத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றப் பாருங்கள், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதுதான் அவருக்கு நல்லது. நடுவில் 15, 16 வந்தால் தாள் உதவாது, பார்க்கிற டாக்டரின் அனுபவம்தான். ரத்த ஓட்டம் அறுந்துபோன காலுக்கு இந்தக் கணக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இந்த முடிவை ராத்திரி யார் டூட்டியில் இருக்கிறார்களோ அவர்கள் மனநிலைதான் தீர்மானிக்கும். தைரியசாலி காப்பாற்றுவார், பயந்தவர் எடுப்பார். அதில் காப்பாற்றிய கால் எல்லாம் நல்ல கதையில்லை. ஆறு மாதம் பத்து ஆபரேஷன், வீட்டை அடமானம் வைத்து, கடைசியில் சீழ் பிடித்து எடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

பவானி அம்மிணி (பவானி)

எங்கள் தாய்மாமா ஹான்ஸ் புகையிலை போடுகிறவர். நாக்கு ஓரத்தில் சின்னப் புண், புற்றுநோய், ஆரம்ப நிலைதான் என்றார்கள். புண்ணை எடுத்தால் போதும் என்று நினைத்தால், காது கீழிருந்து தொண்டை வரை கீறிக் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். ஸ்கேனில் கழுத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் எழுதியிருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் எதற்கு வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு, அங்கிருந்த டாக்டர் “ப்ரோட்டோகால்மா” என்று ஒரே வார்த்தையில் போய்விட்டார். மாமாவுக்குத் தோள் மேலே தூக்க வராமல் மூன்று மாதம். நாங்கள் அந்த ஆஸ்பத்திரியைத் திட்டாத நாளில்லை.

பிறகு என் தங்கை, அவள் நர்சிங் படிக்கிறாள், எடுத்துக் காட்டினாள். மும்பை டாடா ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வு, 2015-இல் வந்தது. ஆரம்ப நிலை வாய்ப் புற்று, 500 பேருடைய கணக்கு. கழுத்தையும் அப்போதே சுத்தம் செய்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடிருந்தது நூற்றுக்கு 80. கட்டி வரட்டும் பார்க்கலாம் என்று விட்டவர்களில் 67.5. வெற்றிலை, புகையிலை போடுகிற நம்ம நாட்டு ஆட்களை வைத்தே பார்த்தது, இப்போது உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்களாம்.

எனக்கு என்ன ஆத்திரம் என்றால், இந்த இரண்டு எண்ணைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் மாமாவே “வெட்டிக்குங்க சாமி” என்றிருப்பார்.

மஞ்சக்காட்டான் தம்பி, உங்களுக்கு ஒன்று. நம்ம ஊர் ஆம்பளைகளிடம் வலிக்குதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? உங்க அம்மாவைக் கேளுங்க.

கணக்கு வாத்தியார் (நாமக்கல், ஓய்வு)

லேப்பரோ என்று ஈரோடு டாக்டர் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு இரண்டு பக்கமும் ஹெர்னியா செய்திருக்கிறது, ஒன்று கீறி, ஒன்று துளை போட்டு, அதனால் கொஞ்சம் படித்துவைத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு வேறு என்ன வேலை.

துளை போட்டால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், அது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பதினான்கில் செய்த ஆய்வு, 2004, இரண்டு வருடத்தில் வீக்கம் திரும்ப வந்தது லேப்பரோவில் நூற்றுக்குப் பத்து, கீறிச் செய்ததில் ஐந்துக்கும் சற்றுக் குறைவு. அடடா, லேப்பரோ மோசம் போல என்று அங்கேயே மூடிவைத்துவிடக் கூடாது. அதே ஆய்வில், 250-க்கு மேல் லேப்பரோ ஹெர்னியா செய்து கை பழகிய சர்ஜன்களின் நோயாளிகளை மட்டும் தனியே பார்த்தால் அந்தப் பத்து பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இதே கதை இன்னும் பெரிய ஆபரேஷனில் நடந்தது, அதில் நம் கோயம்புத்தூரும் உண்டு. கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் ஆபரேஷன், விப்பிள் என்பார்கள், வயிற்று ஆபரேஷன்களிலேயே கஷ்டமான ஒன்று. டாக்டர் பழனிவேலு குழு கோவையில் 64 பேரைப் பிரித்துப் பார்த்தது, 2017-இல் வந்தது. துளை வழி செய்தவர்கள் 7 நாளில் வீடு போனார்கள், கீறியவர்கள் 13 நாளில். இதைப் பார்த்தால் எல்லோருக்கும் துளையே போடுங்கள் என்றுதான் தோன்றும். நெதர்லாந்தில் நான்கு ஆஸ்பத்திரிகளில், பயிற்சி எடுத்துக்கொண்டுதான், அதே ஆபரேஷனைச் சோதித்தார்கள். 99 பேர் முடிந்ததும் கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொல்லிவிட்டது. துளை வழியில் 50 பேரில் 5 பேர் சிக்கலாகி இறந்திருந்தார்கள், கீறியதில் 49-க்கு 1. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் இருக்கலாம், கணக்கு அதை மறுக்காது. ஆனால் தற்செயலா இல்லையா என்று தெரிந்துகொள்ள இன்னும் பத்துப் பேரை யார் அனுப்புவார்கள்?

கோவை ஆய்வு பொய்யா? இல்லை. அந்தக் கைகளில் அது உண்மை. பரோட்டா மாவு எல்லாக் கடையிலும் ஒன்றுதான், வீசுகிற மாஸ்டர்தான் வேறு.

கத்தி பிடிப்பவன் (கோவை)

வாத்தியார் ஐயா, பரோட்டாவை என் ப்ரொபசரிடம் சொல்லப்போகிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இதுபோல் ஒன்று நடந்தது. சின்னத் துளைதான் நவீனம் என்று உலகமே போய்க்கொண்டிருந்தபோது, 2018-இல் 631 பெண்களை வைத்த ஆய்வு வந்தது. நான்கரை வருடம் நோய் திரும்பாமல் இருந்தது பழைய முறையில் 96.5 சதவீதம், துளை வழியில் 86. அதன் பிறகு பல இடங்களில் பழைய கீறலுக்கே திரும்பினார்கள். நான் அப்போது பி.ஜி., சீனியர் ஒருவர் பேப்பரைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். யாருக்கெல்லாம் துளை போட்டோம் என்று நினைத்துப் பார்த்திருப்பார் என்று இப்போது புரிகிறது.

நொய்யல் கரை (திருப்பூர்)

அப்படியென்றால் ஆய்வு முடிவு வரும்வரை நாங்கள்தான் எலி. இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

தியேட்டர் சிஸ்டர் (ஈரோடு)

ஆய்வே இல்லாமல் செய்தால் மட்டும் எலி இல்லையா தம்பி? அப்போதும் எலிதான், எண்ணி எழுதி வைக்க ஆள் இல்லாத எலி.

நான் ஆய்வுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வயிற்று ஆபரேஷன் முடிந்து தையல் போடும் முன்பு எல்லோரும் கையுறையை மாற்றி, புதுக் கருவி செட் திறப்பது என்று எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் வந்தது. ஆரம்பத்தில் நான்தான் முணுமுணுத்தேன், கருவிகளை ஆட்டோகிளேவில் போட்டுக் கிருமி நீக்குகிறவள் நான் அல்லவா. அப்புறம் டாக்டர் சொன்னார், இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 பேரை வைத்துப் பார்த்தது, 2022-இல் வந்தது, தையல் இடத்தில் சீழ் வைப்பது நூற்றுக்கு 18.9-இலிருந்து 16-ஆகக் குறைந்தது என்று. நூற்றுக்கு மூன்று பேர். ட்ரெஸ்ஸிங் மாற்றும்போது அந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குத் தெரியும் மூன்று பேர் என்றால் என்னவென்று. அதற்கு முந்தின வருடம் அதே குழு, கிருமிநாசினி பூசிய விலை கூடின நூலையும் 5,788 பேரிடம் சோதித்தது, அதில் ஒரு பலனும் இல்லை. கையுறை மாற்றுவது ஜெயித்தது, விலை கூடின நூல் தோற்றது. நொய்யல் கரை இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் தெரிந்ததை எல்லாம் செய்கிறோமா என்றால் இல்லை. மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாம் என்று எத்தனையோ வருடமாகத் தெரியும். வரக்காப்பிகூடக் கொடுக்கலாம், பால் மட்டும் கூடாது. இன்னமும் நாங்கள் ‘ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணி படக்கூடாது’ என்றுதான் சொல்கிறோம், ஏனென்றால் லிஸ்டில் யார் எப்போது உள்ளே வருவார்கள் என்று எங்களுக்கே தெரியாது. மதியம் மூன்று மணிக்கு உதடு காய்ந்து ஒரு பாட்டி வந்தார், ஊசி குத்த நரம்பே கிடைக்கவில்லை.

மஞ்சக்காட்டான் (கோபி பக்கம்)

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

பவானி அக்கா சொன்ன மாதிரி அம்மாவைக் கேட்டேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்கள்: “வலி இல்லாமயா கையால அமுக்கிப் புடிச்சுட்டே பால் பீச்சறாரு?” அடுத்த நாள் விடியற்காலை கட்டுத்தரைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். மாட்டடியில் குந்தி உட்காருகிறார், இரண்டு பீச்சு, அப்புறம் ஒரு கையை எடுத்து இடுக்கில் அமுக்கிக்கொள்கிறார், மறுபடி பீச்சுகிறார். இருமல் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறார். மடை திருப்பும்போது மண்வெட்டியை இடது பக்கம் மாற்றிப் பிடிக்கிறார். இதெல்லாம் எத்தனை மாதமாக என்று கேட்டதற்கு, “இதுக்குப் பேரு வலியா?” என்கிறார்.

டாக்டர் சொன்ன அந்த 720 பேரில் இவர் சேர்த்தி இல்லை என்று எனக்கே புரிந்துவிட்டது. கோயம்புத்தூர் டாக்டரிடம் திரும்பப் போனோம், இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “அன்னிக்கு ஏனுங்க இதச் சொல்லல?” அப்பா சுவரைப் பார்த்தார்.

செய்துகொள்ளுங்கள் என்றுதான் இப்போது அவரும் சொல்கிறார். வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன், நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று. கோபப்படவில்லை. கீறிச் செய்வது எனக்குக் கணக்கில்லை, லேப்பரோ வேண்டுமென்றால் என் ஜூனியரிடம் அனுப்புகிறேன், அவர் கை அதில் பழகினது, என்றார். அப்பா கீறியே செய்யுங்கள் என்றார், முழு மயக்கம் வேண்டாம், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாலே போதுமாம்.

மஞ்சள் கணக்கைக் கிளப்பினார், எதிர்பார்த்ததுதான். டாக்டர் விரல் விட்டு எண்ணினார். இந்தக் கார்த்திகையில் செய்தால் மார்கழி முழுக்க மூட்டை பக்கம் போகாமல் இருந்துவிட்டு, தை கடைசியில் வெட்டு ஆரம்பிக்கும்போது காட்டில் நிற்கலாம். தள்ளிப்போட்டு, வெட்டு நடுவில் வலி கூடினால்? அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. தண்ணீர் கட்டுவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதை அவர் நம்பவில்லை என்று தெரியும், ஆனால் தேதி வாங்கிவிட்டோம், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

தியேட்டர் சிஸ்டர் (ஈரோடு)

இருமல் என்று எழுதியிருக்கிறீர்களே, பீடி குடிப்பாரா? குடித்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தது நான்கு வாரம் முன்பு நிறுத்தினால்தான் காயம் ஆறுவதற்கும் நெஞ்சுச் சளிக்கும் நல்லது. இருமினால் தையல் மேல்தான் பாரம்.

மஞ்சக்காட்டான் (கோபி பக்கம்)

கட்டு ஒன்று ராகி டப்பாவுக்குள் இருந்தது அக்கா. அம்மா எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். இன்னொன்று மோட்டார் ரூமில் இருக்கும் என்று சந்தேகம், சாயங்காலம் தண்ணீர் விடப் போகும்போது பார்க்கிறேன்.